பந்தா கார் வேண்டும். பை கிழியக் கூடாது! ஜி.எஸ்.டி. ரோடு சொல்லும் கார் கதை

- நமது நிருபர் -

செங்கல்பட்டு-

"நாலு பேர் திரும்பிப் பார்க்கணும் சார். ஆனா பட்ஜெட்டுக்குள்ள முடியணும்."

ஜி.எஸ்.டி. ரோட்டு ஷோரூம்களில் கார் பார்க்க வருகிறவர்கள் வாயில் இருந்து முதலில் வருவது இதுதான். மைலேஜ், சர்வீஸ், கியர் எல்லாம் அப்புறம். முதலில் பந்தா!

அதில் தப்பு ஒன்றும் இல்லை. கல்யாண மண்டப வாசலில் பெரிய கார் வந்து நின்றால் வாட்ச்மேன் ஓடி வந்து கதவைத் திறக்கிறார். அதே ஆள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால், "யாருப்பா நீ, எங்க போற?" என்று நிறுத்துகிறார். கிழக்கு கடற்கரை சாலையில் உள்ள ரிசார்ட் கேட்டுகளிலும் இதே கூத்துதான். ஆளைப் பார்த்து எடை போடுவது போய், வண்டியைப் பார்த்து எடை போடும் காலம். ஆகவே சாதாரண சம்பளக்காரனும் "நமக்கும் ஒரு மரியாதை வேணும்" என்று நினைப்பது நியாயமான ஆசைதான்.

ஆனால் எந்த கார்? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சிலர் எழுந்திருக்க ஏழு வருஷம் ஆகிறது!

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல செங்கல்பட்டு சீமையை விட்டால் வேறு ஊர் கிடையாது. இந்த ரோட்டோரம் ஒரு கார் கம்பெனி பிறந்து, வளர்ந்து, படுத்தே விட்டது. இன்னொரு கம்பெனி கொடி கட்டிப் பறந்து, பிறகு கதவைச் சாத்தியது. உலகப் பணக்காரர்கள் ஓட்டும் காரும் இங்கேதான் பூட்டப்படுகிறது. இவற்றை வரிசையாகப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டு விடும்.

ஆள் பெரிசு, மூச்சு சின்னது!

வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூர் பகுதியில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்தது. பழைய ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 1961-ல் இங்கிருந்து வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அப்போது ஷோக்குப் பேர்வழிகளின் கார். அம்பாசிடர் அதிகாரிகளுக்கு, பியட் டாக்டர்களுக்கு, ஹெரால்டு இளவட்டங்களுக்கு என்று பேச்சு. முதலில் இரண்டு கதவுதான். பின்னால் ஏற வேண்டுமானால் முன் சீட்டை மடக்க வேண்டும். நம் ஊர்க் குடும்பங்களுக்கு அது சரிப்படுமா? பிறகு இந்தியாவிலேயே நாலு கதவு வைத்து வெளியிட்டார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கார் உலகமே தலைகீழாகி விட்டது. அப்போது இந்த மெட்ராஸ் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? "சின்ன கார் நமக்கு எதற்கு? பெரிய மனிதர்களைப் பிடிப்போம்" என்று கிளம்பியது. இங்கிலாந்தின் ரோவர் காரின் கம்பீரமான உடம்பை வாங்கி வந்து, 1985-ல் "ஸ்டாண்டர்டு 2000" என்று இறக்கியது. விலை 2 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்தக் காலத்தில் அது ஒரு வீட்டின் விலை!

வெளித்தோற்றம் பிரமாதம். ஆனால் பானெட்டைத் திறந்தால்? உள்ளே இருந்தது கம்பெனியின் பழைய வான்கார்டு காலத்து என்ஜினை மாற்றி அமைத்த சுமார் 2 லிட்டர் என்ஜின். யானை உடம்புக்குப் பூனை மூச்சு! பெட்ரோல் குடித்தது, வேகம் வரவில்லை. வாங்கியவர்கள் புலம்பினார்கள். விஷயம் வெளியே பரவியது. 1988-ல் தொழிற்சாலையே மூடப்பட்டது. பந்தாவுக்காகவே செய்த கார், செய்த கம்பெனியையும் சேர்த்துக் கவிழ்த்தது.

முதல் பாடம் இது. பந்தா வெளித் தகட்டோடு நின்றால் ஆறு மாசத்தில் சாயம் வெளுக்கும்.

மலிவு என்றாலும் ஆபத்து!

"அப்படியானால் இருப்பதிலேயே மலிவான காரை வாங்கினால் போச்சு" என்று சொல்லலாம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

2009-ல் டாடா நானோ வந்தது. ஒரு லட்ச ரூபாய் கார் என்று உலகமே பேசியது. ஸ்கூட்டரில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் மழையில் நனைந்து போவதைப் பார்த்து ரத்தன் டாடா மனம் இரங்கிச் செய்த கார். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் ஜனங்கள் வாங்கவில்லை. ஏன்? "இருப்பதிலேயே மலிவான கார்" என்று முத்திரை விழுந்து விட்டது. அதை வாங்கி வாசலில் நிறுத்தினால், "இவனால் முடிந்தது இவ்வளவுதான்" என்று தெருவுக்கே தண்டோரா போட்டது மாதிரி! அப்படி விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். 2018-ல் நானோ உற்பத்தி நின்றது.

ஆக, வெறும் பந்தாவும் செல்லவில்லை. வெறும் மலிவும் செல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தைக் கண்டுபிடித்தவர்கள்தான் பிழைத்தார்கள்.

மறைமலைநகர் கண்டுபிடித்த சூட்சுமம்

அப்படி ஒரு சந்தைக் கண்டுபிடித்த கம்பெனி போர்டு. மறைமலை அடிகள் பெயர் தாங்கிய மறைமலைநகரில் அமெரிக்காவின் போர்டு கம்பெனி தொழிற்சாலை போட்டது. 1999-ல் அங்கிருந்து ஐகான் கார் வந்தது. டிக்கி நீண்ட கார் என்றால் அப்போது தனி மரியாதை. "டிக்கி வச்ச கார் வாங்கிட்டான்டா" என்று ஊரே பேசும். 2010-ல் பிகோ வந்தது. 2013 ஜூனில் வந்ததுதான் எக்கோஸ்போர்ட்.

அது ஜீப் மாதிரி உயரம். பின் கதவில் ஸ்டெப்னி தொங்கும். பார்த்தால் பெரிய மனிதர் வண்டி. ஆனால் அறிமுக விலையோ ரூ.5 லட்சத்து 59 ஆயிரத்தில் இருந்து ஆரம்பம்! புக்கிங் குவிந்தது. மாசக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள்.

இவ்வளவு பெரிய தோற்றத்தைக் குறைந்த விலைக்கு எப்படிக் கொடுத்தார்கள்? இதில்தான் சூட்சுமம்.

2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதி மந்திரி ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சின்ன கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். உயரம் பற்றி அதில் பேச்சே இல்லை!

கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? நீளத்தை 4 மீட்டருக்குள் வெட்டினார்கள், உயரத்தைக் கூட்டினார்கள். வரி சின்ன காருக்கு. மரியாதை பெரிய காருக்கு! இன்று ரோட்டில் ஓடும் குட்டி எஸ்.யூ.வி.க்கள் எல்லாம் இந்த அளவுகோலில் வெட்டியவைதான். பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் 2020 டிசம்பரில் ரூ.4 லட்சத்து 99 ஆயிரம் அறிமுக விலையில் வந்ததும் இதே வழியில்தான்.

இரண்டு ஜி.எஸ்.டி.!

ஜி.எஸ்.டி. ரோடு வேறு, ஜி.எஸ்.டி. வரி வேறு. ரோட்டின் பெயர் வெள்ளைக்காரன் காலத்து "கிராண்ட் சதர்ன் டிரங்க்". வரி 2017-ல் வந்தது. ஆனால் கார் வாங்குகிறவன் இரண்டையும் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்!

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் செஸ்சும் இருந்தது. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். இங்கேயும் அதே 4 மீட்டர், 1,200 சி.சி. கணக்குதான். ஒரு சாண் நீளம் கூடினால் வரி இரண்டு மடங்குக்கு மேல்!

அடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீசில் கட்டும் ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இது மாறியது. 5 லட்சம் வரை உள்ள புது காருக்கு 12 சதவீதம். 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அதற்கு மேல் 20 சதவீதம்.

இதைக் கவனித்துப் பாருங்கள். ரூ.9 லட்சத்து 90 ஆயிரம் விலையுள்ள காருக்கு வரி ரூ.1 லட்சத்து 28 ஆயிரத்து 700. ரூ.10 லட்சத்து 10 ஆயிரம் விலையுள்ள காருக்கு வரி ரூ.1 லட்சத்து 81 ஆயிரத்து 800. விலை வித்தியாசம் 20 ஆயிரம்தான். வரி வித்தியாசம் 53 ஆயிரத்து 100! "மேல இருக்கிற மாடல்ல கண்ணாடிக் கூரை இருக்கு சார், கொஞ்சம்தான் ஜாஸ்தி" என்று சேல்ஸ்மேன் தேனொழுகப் பேசும்போது இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும். வானத்தைப் பார்ப்பதற்கு 53 ஆயிரமா?

தெரு பார்க்க வந்த கார், தெரு பார்க்கப் போகும்!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மாசத் தவணை!

8 லட்ச ரூபாய் கடன், வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 வருஷத் தவணை என்றால் மாசம் சுமார் ரூ.13 ஆயிரத்து 75. "அவ்வளவுதானா!" என்று தோன்றும். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 10 லட்சத்து 98 ஆயிரம். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 3 லட்சம்! அதையே 5 வருஷத்தில் கட்டினால் மாசம் சுமார் ரூ.16 ஆயிரத்து 800. வட்டி சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம். இரண்டு வருஷம் இழுத்ததற்கு அபராதம் 90 ஆயிரம்.

தவணையோடு முடிகிறதா? மாசம் ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும். லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் கொடுக்கும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாசம் ரூ.6 ஆயிரத்து 700 காலி. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று மாசத்துக்கு 3 ஆயிரமாவது எடுத்து வைக்க வேண்டும். கூட்டினால் 22 ஆயிரத்து 700-க்கு மேல்! பரனூர் டோல்கேட், உத்தண்டி டோல்கேட் தனி. மாசம் 50 ஆயிரம் சம்பளம் வாங்குகிறவர் கிட்டத்தட்ட பாதிச் சம்பளத்தைக் காருக்குத் தீனி போடுகிறார்.

வீட்டில் என்ன நடக்கிறது? "ஏங்க, பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணுமே" என்று மனைவி கேட்பாள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று கணவன் சொல்வான். அடுத்த மாசம் நகை அடகுக் கடைக்குப் போகும். அதற்கடுத்த மாசம் கார் வாசலை விட்டு நகராது; பெட்ரோலுக்குக் காசில்லை.

மூன்று தவணை நின்றால் வசூல் ஆள் வருவான். காலை 8 மணிக்கு முன்னாலும், இரவு 7 மணிக்குப் பின்னாலும் கடன் வசூலுக்காகப் போன் பண்ணித் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திட்டவட்டமாகச் சொல்லி இருக்கிறது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் கட்ட வேண்டிய கடன் கட்ட வேண்டிய கடன்தான். கடைசியில் வண்டி போய் விடும்.

யோசித்துப் பாருங்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எந்தத் தெரு பார்க்கக் கார் வந்ததோ, அதே தெரு பார்க்க அது போகிறது. வந்தபோது கிடைத்த மரியாதையைப் போல நாலு மடங்கு அவமானம்! ஆகவே பந்தா கார் என்பதற்கு முதல் இலக்கணம் ஒன்றுதான். ஒரு தவணை கூட நிற்காமல் கட்ட முடிகிற கார்.

நட்சத்திரம் எத்தனை?

பந்தாவிலும் ஒரு போலிச் சரக்கு உண்டு. 2015-ல் ரெனோ குவிட் கார் ரூ.2 லட்சத்து 57 ஆயிரம் அறிமுக விலையில் வந்தது. தயாரிப்பு ஒரகடம். பார்த்தால் குட்டி எஸ்.யூ.வி. ஜனங்கள் கொத்திக்கொண்டு போனார்கள். ஆனால் 2016-ல் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற அமைப்பு மோதல் சோதனை நடத்தியபோது குவிட்டுக்குக் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்! பிறகு திருத்தி ஒரு நட்சத்திரம் வாங்கியது.

குவிட்டை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. 2014-ல் இதே அமைப்பு இந்தியாவில் ஓடிய 5 கார்களை மோத விட்டுப் பார்த்தது. மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, மறைமலைநகரில் பூட்டிய போர்டு பிகோ, ஜெர்மன் பெயர் தாங்கிய போலோ - சோதித்த ஐந்துக்கும் முட்டை மார்க்! வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரைக் கேட்டு, "இரும்பு மாதிரி இருக்கும்" என்று நம்பியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இப்போது நம் நாட்டிலேயே "பாரத் என்.சி.ஏ.பி." சோதனை 2023 அக்டோபர் 1 முதல் நடக்கிறது. காரின் பெயரைச் சொன்னால் எத்தனை நட்சத்திரம் என்று தெரிந்துவிடும். ராத்திரி கிழக்கு கடற்கரை சாலையில் எதிரே லைட்டைக் கண்ணில் அடித்துக்கொண்டு வருகிறவன் உங்கள் அலாய் வீலைப் பார்த்து ஒதுங்கப் போவதில்லை. அலாய் வீலை விட்டுக்கொடுங்கள், நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கம்பெனி போனால்?

எக்கோஸ்போர்ட் கதையின் மீதியைச் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 9-ந் தேதி போர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 10 வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. சுமார் 4 ஆயிரம் பேர் வேலை கேள்விக்குறி ஆனது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது.

சர்வீசும் உதிரி பாகமும் தொடர்ந்து கொடுப்போம் என்று கம்பெனி சொன்னது, கொடுத்தும் வருகிறது. ஆனாலும் கம்பெனி போய்விட்டது என்றால் பழைய கார் மார்க்கெட்டில் விலை பேசுகிறவன் குரல் மாறிவிடும். 2025 அக்டோபரில் தமிழக அரசோடு போர்டு ஒப்பந்தம் போட்டது. ரூ.3 ஆயிரத்து 250 கோடியில் அதே தொழிற்சாலையில் 2029-ல் என்ஜின் தயாரிப்பு ஆரம்பிக்கும் என்பது திட்டம். என்ஜின்தான், கார் இல்லை.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: நம் வீட்டில் இருந்து 20 கிலோ மீட்டருக்குள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? ரோட்டோர ஷெட்டில் இருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கு இந்த வண்டி பழக்கமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால்தான் கையெழுத்து.

யானை வாங்கலாம், தீனி?

பரனூர் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2007 மார்ச்சில் இருந்து கார் பூட்டுகிறது. அது இருக்கும் ரோட்டில் போகும்போது யாருக்கும் ஒரு சபலம் தட்டும். பழைய கார் கடையில் பார்த்தால், பத்து வருஷம் ஓடின பி.எம்.டபிள்யூ. ஒரு புது சின்ன காரின் விலைக்கே நிற்கும். "புது மாருதி வாங்குற காசுல பி.எம்.டபிள்யூ.டா மாப்ளே!"

விலைதான் பழசு. உதிரி பாகம் புதுசு! அரை கோடி ரூபாய் காருக்கு என்ன விலையோ அந்த விலைக்குத்தான் பிரேக்கும் டயரும் சஸ்பென்ஷனும் கிடைக்கும். குஞ்சு வாங்கும் காசுக்கு யானை கிடைத்தாலும் கரும்புத் தோட்டம் நம்மிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். தார்ப்பாய் போர்த்திய பி.எம்.டபிள்யூ.வுக்கு யார் சல்யூட் அடிப்பார்கள்?

கறுப்புக் கண்ணாடி, கட்சிக் கொடி!

காசு போதாதவர்கள் இன்னொரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள். சின்ன காரை வாங்கி, அதில் "போலீஸ்", "பிரஸ்", "வக்கீல்" என்று ஸ்டிக்கர் ஒட்டுவது. கண்ணாடியில் கறுப்புப் பிலிம். முன்னால் இரும்பு பம்பர். பானெட் மேல் ஒரு கொடி. "பத்தாயிரம் ரூபாய்ல பத்து லட்சம் பந்தா" என்று நினைப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? கறுப்புப் பிலிம் ஒட்டுவதற்குச் சுப்ரீம் கோர்ட்டு 2012 ஏப்ரலில் தடை போட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். இரும்பு பம்பர் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் உத்தரவு போட்டது. பம்பர் இருந்தால் மோதும்போது ரோட்டில் நடக்கிறவர் எலும்பு நொறுங்கும். உங்கள் ஏர்பேக்கும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஸ்டிக்கர் விவகாரத்தில் சென்னைப் போலீசார் 2024 மே 2 முதல் அபராதம் போட இறங்கினார்கள். மந்திரிகளுக்கே சிவப்புச் சுழல் விளக்கு 2017 மே 1-ந் தேதியோடு போய்விட்டது. நமக்கு எதற்கு?

2025 ஜனவரியில் முட்டுக்காடு பக்கம் நடந்ததை ஊரே டி.வி.யில் பார்த்தது. ராத்திரியில் பெண்கள் போன காரை ஒரு கும்பல் காரில் விரட்டியது. விரட்டிய காரில் கட்சிக் கொடி கட்டி இருந்தது. வீடியோ வெளியாகி, கானத்தூர் போலீசார் வழக்குப் போட்டுப் பலரைக் கைது செய்தார்கள். கொடி காப்பாற்றியதா? இல்லை. வீடியோவில் முதலில் கண்ணில் பட்டதே அந்தக் கொடிதான்!

பெயர் மாற்றாவிட்டால் வம்பு!

பழைய கார் வாங்குவது புத்திசாலித்தனம்தான். 4 வருஷம் ஓடின நல்ல காரை, 4 லட்சம் கடனில் வாங்கினால், அதே 9.5 சதவீத வட்டிக்கு 5 வருஷத்துக்கு மாசம் ரூ.8 ஆயிரத்து 400 தான். ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் இருக்கிறதா? இருந்தால் கம்பெனியிடம் என்.ஓ.சி. வாங்கி எச்.பி. கேன்சல் செய்த பிறகே முழுப் பணம் கொடுக்க வேண்டும். என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப் போகிறதா? நிலுவை அபராதம் எவ்வளவு? அரசின் பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டாலே பாதி ஜாதகம் வந்துவிடும். மீதி ஜாதகம் மெக்கானிக் கையில்.

விற்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. "அப்புறம் பேர் மாத்திக்கலாம் சார்" என்று சொல்லி வண்டியை எடுத்துப் போகிறவனை நம்பாதீர்கள். விற்றதை 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொல்லி இருக்கிறது. அந்தக் காரில் யாராவது கஞ்சா கடத்தினாலும் போலீஸ் ஜீப் முதலில் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்!

மாப்பிள்ளை கார்

இன்னொரு கொடுமை இருக்கிறது. "பையனுக்கு ஒரு கார் போட்டுடுங்க சம்பந்தி, சபையில நிக்கணும்ல" என்று கேட்கிற கூட்டம். காசு பெண்ணைப் பெற்றவனுடையது, பந்தா மாப்பிள்ளையுடையது!

கேட்டு வாங்கும் கார் அன்பளிப்பு இல்லை. வரதட்சணை. 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வாங்கினாலும் கொடுத்தாலும் குற்றம். 5 வருஷத்துக்குக் குறையாத ஜெயில். நிலத்தை விற்றுக் கார் வாங்கிக் கொடுக்கும் தகப்பனார்களே, ஒன்றை யோசியுங்கள். கார் கேட்டு வருகிறவன் பெண்ணைக் கேட்டு வரவில்லை. தவணை உங்கள் தலையில். சாவி அவன் பாக்கெட்டில். அந்த சாவியால் உங்கள் பெண்ணுக்கு ஒரு மரியாதையும் திறக்காது.

4777-ம் சிவப்புக் கொடியும்

2019 அக்டோபர் 11-ந் தேதி சீன அதிபர் ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்தார். சென்னையில் இருந்து ஹெலிகாப்டரில் வரவில்லை; காரில்தான் வந்தார். கார் பெயர் ஹோங்சி. சீன மொழியில் "சிவப்புக் கொடி" என்று அர்த்தம். பென்ஸ் இல்லை, ரோல்ஸ் ராய்ஸ் இல்லை. அவர்கள் நாட்டில் செய்த கார்!

நம் எம்.ஜி.ஆரும் அப்படித்தான். அவர் பயன்படுத்திய பச்சை அம்பாசிடர், டி.எம்.எக்ஸ். 4777, சென்னை தி.நகர் நினைவு இல்லத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரோட்டில் ஆயிரம் அம்பாசிடர் ஓடியது. ஆனால் 4777 என்றால் கூட்டம் ஓடி வந்தது. காரால் அவருக்கு மரியாதை வரவில்லை; அவரால் காருக்கு வந்தது.

நாம் எம்.ஜி.ஆர். இல்லை, சரி. நமக்குக் கொஞ்சம் பந்தா வேண்டும், அதுவும் சரி. அப்படியானால் இதைக் கத்தரித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்:-

தவணையும் பெட்ரோலும் சேர்ந்து மாச வருமானத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

கடன் 5 வருஷத்துக்கு மேல் வேண்டாம்.

4 மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கட்டும். வரி மிச்சம்.

10 லட்சக் கோட்டை ஒட்டி இருந்தால் கோட்டுக்குக் கீழேயே நில்லுங்கள்.

உயரமான வண்டி என்றால் மழைக்காலத்தில் ரோட்டில் தேங்கும் தண்ணீருக்கும் உதவும், தோற்றமும் கிடைக்கும்.

மோதல் சோதனையில் நாலு நட்சத்திரமாவது வாங்கி இருக்க வேண்டும்.

பழைய கார் என்றால் மெக்கானிக் பார்த்த பிறகே அட்வான்ஸ்.

சாதாரணக் குட்டி எஸ்.யூ.வி.யோ, நாலு வருஷப் பழைய காரோ, பளபளவென்று கழுவித் துடைத்து, ஒழுங்கான நம்பர் பிளேட்டோடு, அபராதம் பாக்கி இல்லாமல், தவணை பாக்கி இல்லாமல் கொளவாய் ஏரிக்கரை ரோட்டில் போகட்டும். மடக்கிப் பிடிக்கும் டிராபிக் போலீஸ்காரர் ஆர்.சி.யையும் இன்சூரன்சையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி சார், போங்க" என்பார்.

அந்த ஒரு "சார்" காசு கொடுத்து வாங்க முடியாத பந்தா!